சின்னி குடிக்காத தண்ணீர்

இந்த வருஷம் குதிரை ஓட்டத்தின் வெட் கேட்டில் மருத்துவராக முதல்முறையாக நிற்கப்போகிறவர்கள் நீங்கள் ஆறு பேர் என்று கேள்விப்பட்டேன். துடிப்பை எப்படி எண்ணுவது, குடல் சத்தத்தை எங்கெங்கே கேட்பது, நொண்டலை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். நல்லது. என்னைவிட ஒழுங்காகவே சொல்லியிருப்பார்கள். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் கால்நடை மருத்துவராக மைசூரைச் சுற்றி வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பத்து வருஷம், விடுமுறை நாட்களில், இந்த நெடுந்தூரக் குதிரை ஓட்டங்களிலும் நின்றேன். ஓய்வு பெற்றவர்களுக்குத் தாங்கள் பிழைக்க வைத்த மாடுகளைப் பற்றிப் பேசுவதில் கொள்ளை ஆசை. எனக்கும் உண்டு, என்னிடம் மாட்டிக்கொண்ட உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு உபயோகமாக இருக்கக்கூடியது நான் கொன்ற குதிரையின் கதை ஒன்றுதான்.

'கொன்ற' என்று எழுதாதே என்றாள் என் மகள். அன்றைய அறிக்கையிலும் அந்தச் சொல் இல்லை. அறிக்கையை எழுதியது நான் இல்லை, இதை எழுதுவது நான்.

அந்தக் குதிரையின் சொந்தக்காரி ரெஜினா, மைசூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸ். வீடு மண்டி மொஹல்லாவில், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில். கணவர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். மகள் பத்தாம் வகுப்பு. சமையல், டியூஷன், வங்கி, சர்ச் வேலை எல்லாம் இவள் தலையில். இவளுடைய அப்பா ரேஸ் கோர்ஸில் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலையிலேயே காலம் முழுக்க இருந்தவர். ஒருநாள்கூட எந்தக் குதிரைமேலும் ஏறியதில்லையாம். "அவருக்கு ஆசை இருந்துச்சா?" என்று கேட்டேன். "தெரியாது டாக்டர். வீட்ல யாரும் அவரை அதைக் கேக்கவே இல்ல அல்வா" என்றாள். கன்னட 'அல்வா', இல்லையா என்று அர்த்தம்.

அவர் இறந்த அடுத்த வருஷம் அவள் சின்னியை வாங்கினாள். பந்தயத்தில் ஒன்றையும் ஜெயிக்காமல் ஐந்து வயதிலேயே வேண்டாததாகிவிட்ட செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. மண்டி மொஹல்லாவில் குதிரையை எங்கே கட்டுவது? ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம், வாய்க்காலை ஒட்டிக் கரும்பு போட்டிருந்த புட்டசாமி என்பவரின் மாட்டுக் கொட்டகையில் இடம் பிடித்தாள். குதிரையின் காகிதத்தில் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. புட்டசாமிக்கு அதைச் சொல்லவும் வரவில்லை, சொல்ல விருப்பமும் இல்லை. சின்னி என்று கூப்பிட்டார், கன்னடத்தில் தங்கம். அதுவே நிலைத்துவிட்டது.

ரெஜினாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஜனவரியில் நடக்கும் அறுபது கிலோமீட்டர் ஓட்டத்தை ஒரு தடவையாவது முடிக்க வேண்டும். முதலிடம் எல்லாம் வேண்டாம், முடித்தால் போதும். இருபது கிலோமீட்டராக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் குதிரையை நம்மிடம் கொண்டுவருவார்கள். அது மேலே போகலாமா கூடாதா என்று நாம் சொல்லும் இடம்தான் வெட் கேட். கூடாது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பயிற்சிக்கான அட்டவணை போட்டுக் கொடுத்தது நான். பத்து மாதம். காலை டியூட்டி இருந்தால் நாலரைக்கு எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அங்கேயே யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு வார்டுக்கு ஓடுவாள். மத்தியான டியூட்டி என்றால் நீண்ட ஓட்டம். ஒருமுறை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், பேசிக்கொண்டே அவள் தலையிலிருந்து ஒரு வைக்கோல் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாராம். இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். வேலை, வீடு, குதிரை மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எல்லாக் கிலோமீட்டரும் ஒரே பாதையில் ஓடியவை. வாய்க்கால் கரையோடு பாலம் வரை, பாலத்திலிருந்து கொட்டகை வரை. கையிலிருந்த நேரத்துக்கு அது ஒன்றுதான் அடங்கியது. திரும்பி வந்ததும் புட்டசாமி ஒரு கறுப்புத் தொட்டியில் தண்ணீர் வைத்திருப்பார். அதில் கொஞ்சம் உப்பு, ஒரு கட்டி வெல்லம். வெல்லத்தை தேவராஜா மார்க்கெட்டில் ரெஜினாவே தேர்ந்து வாங்குவாள். சின்னி கண் வரைக்கும் முகத்தை உள்ளே விட்டு மடமடவென்று குடிக்கும். வாரம் ஒருமுறை நான் போகும்போதெல்லாம் இதைப் பார்த்து ரசித்துவிட்டு, 'நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது' என்று குறித்துக்கொண்டு வருவேன்.

புட்டசாமிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தீபாவளிக்கு முன்னாலேயே சொன்னார். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன்: "டாக்டரம்மா, இதை ரெண்டு நாள் வேற ஊர்ல கட்டிப் பாருங்க. என் மச்சினன் ஊர்ல இடம் இருக்கு. என் எருதைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா முதல் நாள் தண்ணியைத் தொடவே தொடாது. இது தொடுமா?"

சரியான பேச்சு. நானும் ரெஜினாவும் உடனே ஒப்புக்கொண்டோம். அடுத்த வாரம் அவள் வார்டில் இரண்டு பேர் லீவு. அதற்கடுத்து மகளுக்குப் பரீட்சை. அப்புறம் எனக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம், ஊர் ஊராக மூன்று வாரம். அது முடிந்தபோது வண்டி கிடைக்கவில்லை. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்துப் பார்த்தோம். சின்னி மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் சிரித்துவிட்டுக் கறுப்புத் தொட்டியை இழுத்து வைத்தோம். "தொட்டியையும் வெல்லத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம் டாக்டர், குடிச்சிடும்" என்றாள் ரெஜினா. நானும் தலையாட்டினேன்.

நாங்கள் சொன்ன காரணம் எல்லாமே உண்மையான காரணம். அதனால்தான் எங்களுக்குக் குற்ற உணர்ச்சியே வரவில்லை. சோம்பேறிக்குத் தான் வேலையை விட்டுவிட்டது தெரியும். ஓயாமல் வேலை செய்கிறவருக்கு அது தெரிவதே இல்லை. இதை நீங்கள் குதிரைக்காரர்களிடம் மட்டும் தேட வேண்டாம், உங்களிடமும் பாருங்கள்.

ஓட்டம் சாமராஜநகர் போகிற பக்கத்தில், அறுவடை முடிந்த ராகிக் காடுகளுக்கு நடுவே. விடியும்போது பல் கிட்டிக்கும் குளிர். ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி வீசும்படி வெயில். மருத்துவர்கள் நாலு பேர், நாலு வரிசை. எங்களுக்குத் தலைவராக இருந்தவர் என்னைவிட மூத்தவர், சொல்லை எண்ணிப் பேசுகிறவர். காலையில் எங்களைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்ச குதிரை உங்க வரிசைக்கு வந்தா, அடுத்த வரிசைக்கு அனுப்பிடுங்க." எல்லோரும் சரி என்றோம்.

முதல் சுற்று முடிந்ததும் என் வரிசைக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். விலை உயர்ந்த குதிரை, அதற்கென்றே செய்த வண்டி, சுற்றிலும் நாலைந்து ஆட்கள். குதிரை பின்னங்காலை லேசாகத் தாங்கி நடந்தது. நிறுத்தினேன். கத்தினார். எனக்கு என்ன தெரியும் என்றார், யார் யாருக்கோ போன் செய்யப்போவதாகச் சொன்னார். "தாராளமாப் பண்ணுங்க சார், குதிரை இங்கேயே நிக்கட்டும்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று மத்தியானம் வரைக்கும் என்னைப் போல நெஞ்சுரம் உள்ளவள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கத்துகிறவனிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் பெரிய தைரியம் வேண்டியதில்லை. அவனே நமக்குப் பாதி தைரியத்தைக் கொடுத்துவிடுகிறான்.

முதல் சுற்றில் சின்னியை வேறொருவர் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. இரண்டாவது சுற்று முடிந்து, ரெஜினா சின்னியைப் பிடித்துக்கொண்டு என் வரிசையில் வந்து நின்றாள். புட்டசாமி பின்னால், கையில் ஈரத் துணியோடு. அடுத்த வரிசைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. அவளுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே போனால் இன்னும் காக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துடிப்பு வரம்புக்குள் இருந்தது. ஓடிக் காட்டியது, நொண்டல் இல்லை. ஈறு கொஞ்சம் உலர்ந்திருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. குடல் சத்தம் இடது பக்கம் கொஞ்சம் கேட்டது. வலது பக்கம் அமைதி. உடம்பில் தண்ணீர் வற்றினால் குடல் ஓட்டம் நின்றுபோகும். ஸ்டெதஸ்கோப்பை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டே ஆக வேண்டும் என்று நின்றால் காது ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடும். எனக்கும் ஏதோ கேட்டது.

"நீரு குடீத்தில்ல அம்மா" என்றார் புட்டசாமி, மெதுவாக. தண்ணீர் குடிக்கவில்லையாம். தொட்டி, வெல்லம் எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் லாரித் தண்ணீர். விடியற்காலையிலிருந்து உதட்டை நனைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்கிறது என்றார்.

"அவ வெளித் தண்ணி தொடமாட்டா டாக்டர். உங்களுக்குத்தான் தெரியுமே. வீட்டுக்குப் போனதும் மொத்தத் தொட்டியையும் குடிச்சிடுவா" என்றாள் ரெஜினா.

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், கவனித்துப் படியுங்கள். குதிரை ஏன் குடிக்கவில்லை என்று எனக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அது நியாயமான விளக்கம், எனக்கே தெரிந்த விளக்கம். ஆனால் பழக்கத்தினால் குடிக்காத குதிரைக்கும் உடம்பில் தண்ணீர் இல்லைதான். காரணம் புரிந்துவிட்டது என்பதால் சின்னியின் ரத்தத்தில் ஒரு சொட்டுக்கூடச் சேரவில்லை. விளக்கம் எனக்கு வேண்டியிருந்தது, நான் எடுத்துக்கொண்டேன். குதிரைக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் ரெஜினாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை. புழுதி படிந்த முகத்தில் கண் மட்டும் என்மேலே இருந்தது. அந்த நாலரை மணிகள், அந்த ஸ்கூட்டர், அவளுடைய அப்பா, எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. சின்னியின் பரிசோதனைக் கார்டில் குடல் சத்தத்துக்கு ஒரு நடுத்தர மதிப்பெண் போட்டு, கார்டை நீட்டி, "போயிட்டு வா, மெதுவாப் போ" என்றேன். என் குரல் அன்பாகக்கூட இருந்தது.

போன் வந்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் குதிரை நின்றுவிட்டது என்றார்கள். நானும் தலைவரும் ஜீப்பில் போனோம். ஒரு புங்க மரத்தடியில் சின்னி படுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. எழுந்திருக்க முயன்று, விழுந்து, புரண்டு, மறுபடி முயன்றது. ரெஜினா சேணத்தை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள்.

டிரிப் ஏற்றினோம். பாட்டில் மாட்ட இடம் இல்லை. நான் கேட்காமலே ரெஜினா பாட்டிலை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். கை மாற்றவில்லை. ஒன்று தீர்ந்தால் அடுத்தது, அது தீர்ந்தால் அடுத்தது. பத்து மாதம் ஓடி ஓடிச் சேர்த்த உடம்பு எங்கள் கண் முன்னால் தளர்ந்துகொண்டே போனது. ஈறு கறுநீலமாகிவிட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்ட குழாயில் வயிற்று நீர் திரும்பி வந்ததைப் பார்த்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காட்டிலிருந்து எந்த அறுவை அறைக்கும் சின்னி உயிரோடு போய்ச் சேராது.

"டாக்டர், என்கிட்ட நேராச் சொல்லுங்க. நான் தினம் வார்டுல பாக்கறவ" என்றாள் ரெஜினா.

"பிழைக்காதும்மா. வலியை நிறுத்தலாம். அவ்வளவுதான் முடியும்" என்றேன்.

பாட்டிலைக் கீழே வைத்தாள். "அப்ப நிறுத்துங்க" என்றாள்.

ஊசி போட்டது நான். முடிந்ததும் ரெஜினா சின்னியின் கண்ணை உள்ளங்கையால் மூடினாள். குதிரைக்கு இறந்த பிறகு இமை அப்படி மூடி நிற்காது. எடுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி மூடினாள். வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்த கைப்பழக்கம், அதற்கு இது புரியவில்லை. மூன்றாம் தடவை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அழுதால் மருத்துவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள்.

புட்டசாமி அன்று என்னோடு பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை.

சாயங்காலம் தலைவர் கார்டை வாங்கிப் பார்த்தார். துடிப்பு வரம்புக்குள். நொண்டல் இல்லை. மற்றதெல்லாம் சுமார். கார்டைப் பார்த்துக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. "இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். கார்டை மடித்துப் பையில் வைத்தார். "அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." அதற்குமேல் அவர் என்னைக் கேட்டதும் இல்லை, திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இதைவிட மோசம். ரெஜினா எல்லோரிடமும் தன் தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் டாக்டர்கிட்ட அவ வெளித் தண்ணி குடிக்கமாட்டான்னு சொன்னேன், நான் சொன்னதை நம்பித்தான் டாக்டர் விட்டாங்க என்று. குதிரைக்காரர்களின் வாட்ஸப் குழுவில்கூட எழுதினாள். கீழே எத்தனையோ பேர் ஆறுதல் எழுதினார்கள். நான் படித்தேன். இல்லை, நிறுத்த வேண்டியவள் நான் என்று ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று ஐந்து வாரம் போனது. முகாம் இருந்தது, கூட்டம் இருந்தது, ஓய்வுக்கான காகிதங்கள் இருந்தன. வேலைக்கா பஞ்சம்?

கடைசியில் ஒரு முற்பகலில் மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். அவள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள், மத்தியான டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். குடிக்காமலே சொன்னேன்.

"ரெஜினா, அது உன் தப்பு இல்ல. நீ என்ன சொன்னாலும் நிறுத்த வேண்டியது என் வேலை. வலது பக்கம் குடல் சத்தமே இல்ல. எனக்குத் தெரிஞ்சுது. உன் முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்."

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தெரியும் டாக்டர்" என்றாள். "அன்னைக்கு ஓட்டம் நடத்தறவங்க என்னைப் பக்கத்து லைனுக்குத்தான் போகச் சொன்னாங்க. அங்க ஒரே ஒரு குதிரைதான் நின்னுச்சு. ஸ்வல்பம் தள்ளி நின்னு பாத்தேன். அந்த லைன்ல இருந்த சின்ன வயசு டாக்டர் ஒவ்வொண்ணா நிதானமாப் பாத்துட்டிருந்தாரு. அவர்கிட்ட போனா நிறுத்திடுவாருன்னு தெரிஞ்சுது. அதான் உங்ககிட்ட கொண்டு வந்தேன்" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது சின்னிக்கு மட்டும்தான். நாங்கள் ஒருவரையொருவர் சமாதானப்படுத்தவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். சந்து முனை வரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அங்கே அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை வரிசை இருந்தாலும் உங்கள் வரிசைக்குத்தான் வருவார்கள். உங்கள் திறமையை நம்பி வருகிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோகாதீர்கள். நீங்கள் எங்கே இளகுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். கார்டைக் கையில் வாங்காமல் அடுத்த வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டு குதிரையோடு வீட்டுக்குப் போவார்கள்.